பூமியைக் காப்பாற்றிய கோட்டு

குழந்தைகளே, ஒரு பொருளின் விலை ஏற ஏற நம் கண் மங்கிவிடும். எனக்கு மங்கிய கதையைச் சொல்கிறேன்.

அப்போது டெல்லி மோதி பாக்கில் குடியிருந்தோம். நான் பத்தாவது படித்த குமாஸ்தா. ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் செல்வி ஒருநாள், "அப்பா, ஸ்கூல்ல சுற்றுச்சூழல் விழா. துணியை வீணாக்கக் கூடாதுன்னு நீ பேசப் போறே. மிஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "எல்லார் அப்பாவும் ஜம்முனு வருவாங்க. நீ அந்த ஆபீஸ் சட்டையில வராதே, ப்ளீஸ்" என்றாள்.

பேசுவதைவிட அந்த 'ப்ளீஸ்'தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு இட்லி அரிசி வாங்கப் போனவன், பக்கத்தில் நடந்த துணிக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு பொம்மை, பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு போட்டுக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றது. நீலத்தில் பச்சைக் கட்டம். மரப் பொத்தான். சணல் கயிற்றில் இலைப் படம் போட்ட அட்டை.

"பழைய துணியில செஞ்சது சார். வாங்கினா பூமிக்கு நல்லது" என்று இந்தியில் சொன்னான் கடைக்காரன்.

"அச்சா!" என்றேன். (பூமியே என்னை நம்பி நிற்கும்போது வேறென்ன சொல்வது?) விலையைக் கேட்டதும் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. செல்வி முகம் இழுத்து நிறுத்தியது. கோட்டு வாங்கினேன். அரிசி வாங்கவில்லை.

மனைவியிடம் காட்டாமல், விழாவன்று ஆபீசிலிருந்தே போட்டுக்கொண்டு போனேன். மேடையேறி, "பழைய துணியைத் தூக்கி எறியாதீர்கள். இதோ, இந்தக் கோட்டைப் பாருங்கள்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்தது. "மிஸ், அது லுங்கி! எங்கப்பா அதைக் கட்டிட்டுத்தான் தூங்குவாரு!"

"எங்க வீட்லயும் இருக்கு மிஸ்!"

குனிந்து பார்த்தேன். லுங்கியேதான். தினமும் கட்டுகிறவனுக்கு, பொத்தான் வைத்ததும் அடையாளம் தெரியவில்லை! அரங்கமே சிரித்தது. செல்வி மட்டும் தலையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

வீட்டில் மனைவி கோட்டைத் தடவிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். சொன்னேன்.

"ஏங்க, போன வாரம்தான் உங்க பழைய லுங்கியெல்லாம் பாத்திரக்காரிகிட்ட போட்டு ஒரு கிண்ணம் வாங்கினேன். நான் லுங்கியைக் கொடுத்துக் கிண்ணம் வாங்கறேன். நீங்க அரிசிக் காசைக் கொடுத்து ஊரான் லுங்கியை வாங்கிட்டு வர்றீங்க!"

அதைக் கேட்டதும் செல்வி குபீரென்று சிரித்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது அவள் டெல்லியிலேயே, துவாரகா பகுதியில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் யார் புதுத் துணி எடுத்தாலும் முதல் கேள்வி, "இது யார் லுங்கி?" என்பதுதான். கோட்டோ கிழியவே மாட்டேன் என்கிறது. குளிர்காலத்தில் லுங்கிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறேன்.

"இப்பதாங்க செட்டு சேர்ந்திருக்கு" என்கிறாள் மனைவி.