பப்படம் பரமலிங்கத்தை நடக்கவிட்டுப் பார்த்தது

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

ஆழ்வாப்பிள்ளை மூன்றாம் தரமாகக் கேட்டார்.

"ஆக்களைச் சிரிக்கப்பண்ணுறது," என்றார் தரகர் தம்பிஐயா.

"அது குணம். நான் வேலையைக் கேட்டனான்."

"அதுதான் வேலை."

குசினிக்குள் ஒரு சட்டி தேவைக்கு அதிகமான சத்தத்துடன் வைக்கப்பட்டது. உள்ளே இருந்தது அன்னபூரணம். ஆழ்வாப்பிள்ளையின் மனைவி.

நெடுந்தீவில் ஆழ்வாப்பிள்ளைக்குக் காணி இருந்தது, பட்டி நிறைய மாடு இருந்தது, நாகபூசணி என்று ஒரே மகள் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வந்த சம்பந்தங்களை எல்லாம் அவளே கலைத்துவிட்டாள். கிளாக்கர் மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியாது என்றாள். ஓவசியர் மாப்பிள்ளை பகிடி விட்டால் விளக்கம் கேட்கிறார் என்றாள். வயது இருபத்தெட்டு ஆகிவிட்டது. கடைசியில் ஊர்காவற்றுறைத் தம்பிஐயாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தீவுப்பகுதியில் பாதிக் கலியாணம் அவர் பேசி முடித்தது. நெடுந்தீவில் அவருடைய பேரைத் தெரியாதவர்கள் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்களும் இல்லை.

இன்றைக்குக் காலை லோஞ்சுப் படகில் வந்து இறங்கியிருக்கிறார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கழுத்தில் மப்ளர், போர்வை, குடை, இருமல்.

"சாதகம் எங்கை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"படியெடுக்கக் குடுத்திருக்கு. பின்னாலை வரும்." தரகர் இருமினார். "பெடியன்ரை பேர் பரமலிங்கம். கொழும்பிலை ரீவி நாடகம், சினிமாப் படம் எல்லாத்திலையும் சிரிப்பு நடிகன். பப்படம் பரமலிங்கம் எண்டால் அங்கை பஸ்ஸை நிப்பாட்டி ஏத்துவாங்கள். போன வருசக் கலவரத்தோடை கப்பலிலை வந்திட்டான். இப்ப தாயின்ரை கடையைப் பாக்கிறான்."

அன்னபூரணம் வெளியே வந்தாள்.

"கூத்தாடிக்கோ என்ரை பிள்ளையைக் குடுக்கிறது?"

"கூத்தாடி எண்டு சொல்லாதேங்கோ தங்கச்சி!" தரகர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "கலைஞன்! அவன்ரை ஆரம்பம் என்ன, வளர்ச்சி என்ன, ரீவிக்கு ஒரு முகம், படத்துக்கு ஒரு உடம்பு..."

தரகுக் காசுக்கு இவ்வளவு உற்சாகமா என்று ஆழ்வாப்பிள்ளை வியந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"மாடு வாங்குறதெண்டால் நான் ஆரின்ரை வாயையும் நம்புறேல்லை. நடக்கவிட்டுப் பாப்பன். நடிகனை எங்கை நடக்கவிடுறது?"

"இறங்குதுறையிலை படம் போடுற வின்சன்ற் நிக்கிறான்," என்றார் தரகர். "கறன்ற் மெசின், ரீவி, டெக், பரமலிங்கம் நடிச்ச கசற் எல்லாம் அவனிட்டை இருக்கு. எதுக்கும் இருக்கட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

"ஊருக்குத் தெரியக்கூடாது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. சம்பந்தம் பார்த்துக் குழம்பினதென்று இனியொரு கதை வந்தால் பிள்ளைக்குக் கூடாது.

"ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

பொழுதுபட வின்சன்ற் கயிற்றை இழுத்து மெசினை முடுக்கினான். நெடுந்தீவில் மலையில்லை, மேடில்லை. சத்தம் தடையில்லாமல் கரைவரைக்கும் போனது. ரீவியில் முதல் கோடு தெரிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. மிச்சப்பேர் கல்வேலியில் ஏறி இருந்தார்கள்.

"என்ன அண்ணை விசேசம்?" பக்கத்து வளவுச் சரவணமுத்து கேட்டார்.

ஆழ்வாப்பிள்ளைக்கு வாயில் வந்தது மாடுதான்.

"பசு கண்டு போட்டது."

"கண்டு போட்டதுக்குப் படமோ?"

"நாகு கண்டு."

பெண்கன்று என்றால் போதும் என்று நினைத்தார். போதவில்லை. பெண்கள் கன்றைப் பார்க்க மாட்டுக்கொட்டிலுக்குப் போனார்கள். கன்று இல்லை.

"எங்கை கண்டு?"

"அது... மச்சான்ரை பட்டியிலை."

"ஏன் அங்கை? எங்கடை கண்ணூறு படுமெண்டோ?"

பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. ரீவியில் பரமலிங்கம் வந்துவிட்டான்.

முதல் கசற் நாடகம். பரமலிங்கம் வேலைக்காரன். எசமானி வடை சுடுகிறாள். அவன் இரண்டை எடுத்துத் தலைப்பாகைக்குள் செருகுகிறான். எசமானி திரும்புகிறாள். சுடுவடையின் எண்ணெய் அவன் நெற்றியில் மெல்ல இறங்குகிறது. அவன் அசையவில்லை. ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினான்.

முற்றம் வெடித்துச் சிரித்தது. ஆழ்வாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"களவு," என்றாள் அன்னபூரணம்.

"பசி, தங்கச்சி! அது களவில்லை!" தரகர் துடித்தார். "அந்தக் கண்ணைப் பாத்தனீங்களோ? ரீவி முகத்தைக் கிட்டக் காட்டும். அதுக்கு ஒரு இமை அசைஞ்சால் போதும். கூடச் செய்தால் கெட்டுப்போம். அது தெரிஞ்ச நடிகன்!"

இரண்டாவது கசற் சினிமாப் படம். பரமலிங்கத்துக்கு இரண்டு பெண்சாதி. அடுத்தடுத்த வளவு. இவள் கூப்பிட்டால் வேலி பாய்ந்து இங்கே வருகிறான், அவள் கூப்பிட்டால் பாய்ந்து அங்கே போகிறான். நாலாந்தரம் பாயும்போது வேட்டி வேலியில் நின்றுவிட்டது.

"பாய்! பாய்!" என்று கல்வேலியில் இருந்தவர்கள் கத்தினார்கள். ஒருவர் பின்பக்கமாக விழுந்தார். விழுந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

அன்னபூரணம் தலையில் கைவைத்துக்கொண்டாள். அதைக் கண்டு ஆழ்வாப்பிள்ளை சிரிப்பை விழுங்கினார். அது மூக்கால் வந்தது.

"நாடகத்திலை நல்லாச் செய்தான்," என்றார் சரவணமுத்து. "படத்திலை சும்மா கத்திறான்."

"டைரக்டர் கத்தச் சொன்னது!" என்றார் தரகர். "வேண்டாமெண்டு சொன்னது. அந்தாள் கேக்கேல்லை."

"உமக்கு என்னெண்டு தெரியும்?"

தரகருக்கு நீளமாக ஒரு இருமல் வந்தது.

"கேள்விப்பட்டனான்."

ஆழ்வாப்பிள்ளை வின்சன்றின் காதுக்குள் குனிந்தார். "தம்பி, ஒரு ஒழுங்கான மனுசனா அவன் நடிக்கேல்லையோ?"

வின்சன்ற் பெட்டிக்குள் தேடி ஒன்றை எடுத்துப் போட்டான். அதுவும் நாடகம். பரமலிங்கம் ஓய்வுபெற்ற கிழவர். வெள்ளை மீசை, ஊன்றுகோல், இருமல். நல்ல புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். முற்றம் கொட்டாவி விட்டது. அன்னபூரணத்தின் முகத்தில் மட்டும் முதல்தரமாக ஒரு தெளிவு.

"இதுதான் பிழைச்சுப்போச்சு," என்றது ஒரு குரல்.

நாகபூசணி. அதுவரை வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தவள்.

"என்ன பிழை?" தரகர் திரும்பினார்.

"முகத்துக்கு மைபூசினவர், கைக்குப் பூச மறந்திட்டார். கை இளந்தாரி. மற்றது இருமல். உண்மையான கிழவர் இருமலை அடக்கப் பாப்பினம். இவர் தேடித் தேடி இருமுறார்."

"மற்றதுகள்?"

"வடை நல்லம். வேலி பாயிறது நல்லம், சத்தத்தைக் குறைச்சால். ஆள் கெட்டிக்காரன்தான். கிழவன் வேசம் மட்டும் சரிவராது."

கடற்காற்று குளிர்ந்திருக்க வேண்டும். தரகர் போர்வையை இழுத்து நன்றாக மூடிக்கொண்டார்.

அடுத்த கசற் ஓடத் தொடங்கினதும் அன்னபூரணம் கணவரைக் குசினிக்குள் இழுத்தாள். கண் பளபளத்தது.

"இஞ்சேருங்கோ. அந்தப் படம் போடுற பெடியன்தான் மாப்பிள்ளை!"

"என்ன?"

"பொம்பிளை பாக்க வேசம் மாறி வந்திருக்கிறான். வசனம் முழுக்க அவன்ரை வாயிலை வருது, நான் பாத்தனான். மூக்கையும் பாருங்கோ."

ஆழ்வாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். வின்சன்ற் ரீவியுடன் சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தான். மூக்கும் அப்படித்தான் தெரிந்தது. வந்தது தரகனும் எடுபிடியும் அல்ல. மாப்பிள்ளையே வாசல் படலைக்குள் வந்துவிட்டான்!

உடனே வின்சன்றுக்குக் கதிரை போனது. விசிறி போனது. வாழையிலையில் புட்டும் நண்டுக்கறியும் முட்டைப்பொரியலும் போயின. தரகருக்கு மத்தியானத்து மிச்சப் புட்டு, ஒரு கோப்பையில்.

"எனக்கு நண்டு இல்லையோ?" என்றார் தரகர்.

"இருமலுக்குக் கூடாது," என்றாள் அன்னபூரணம்.

ஆழ்வாப்பிள்ளை வின்சன்றுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, கொழும்பு என்ன மாதிரி?"

"நான் போகேல்லை அண்ணை."

"நல்லா நடிக்கிறீர்!"

"ஆர், நானோ?"

அன்னபூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "அதை விடும் தம்பி. அந்த ரெண்டு பெண்சாதி விசயம் நடிப்புத்தானே?"

"என்ரை கர்த்தரே! எனக்கு ஒண்டுதான் அக்கா. றோசம்மா. மூண்டு பிள்ளையள். நாலாவதுக்கு ஆறு மாசம்."

ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். நேரே தரகரிடம் போனார். தரகரின் குடையையே பறித்து ஓங்கினார்.

"மூண்டு பிள்ளைக்குத் தகப்பனைக் கொண்டுவந்தோ என்ரை நாகபூசணிக்கு மாப்பிள்ளை எண்டு காட்டினீர்!"

அந்த நேரம் பார்த்து மெசின் நின்றது. அவருடைய குரலும் தடையில்லாமல் கரைவரைக்கும் போனது.

முற்றமே திரும்பிப் பார்த்தது. சரவணமுத்து மெதுவாகச் சொன்னார்:

"அப்ப கண்டு போடேல்லை."

வின்சன்ற் சட்டைக்குள் கிடந்த சிலுவையை இழுத்துக் காட்டினான். "அண்ணை, நான் வேதக்காரன். படம் போடுறவன். போட்டுப் போட்டு வசனம் பாடம். மாப்பிள்ளை நானில்லை! மாப்பிள்ளை..." தரகரைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மெசினுக்குப் பின்னால் ஓடினான்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஊரே மாப்பிள்ளையை எடைபோடத் தொடங்கியது.

"குடுங்கோ அண்ணை! வடை மறைச்சவன் வாழ்க்கையிலை பட்டினி கிடக்கான்!"

"குடாதேங்கோ! வேலி பாயிறவன்!"

"ரீவியிலை பாத்தால் குடுக்கலாம், படத்திலை பாத்தால் குடுக்கேலாது!"

தரகர் ஒவ்வொருவரிடமும் ஓடினார். "அந்தப் படம் முதல் படம்! பிறகு திருந்தினவன்!" என்று மன்றாடினார். கன்றைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அது ஒன்றே ஆழ்வாப்பிள்ளைக்கு ஆறுதல்.

காலையில் முடிவு. லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது.

"எனக்கு விருப்பமில்லை," என்றாள் அன்னபூரணம். "அவன் நல்லவனா இருக்கலாம். ஆனால் எந்த நேரம் எந்த வேசத்திலை நிப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆழ்வாப்பிள்ளைக்கு வடைக் காட்சி இன்னும் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் அன்னபூரணத்தை மீறி அவர் ஒரு மாடும் வாங்கினதில்லை.

தரகரின் கண் கலங்கியது. அதைக் கண்டு ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் தாங்கவில்லை.

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. குடை ஓங்கினன், கோவிக்கேல்லை. மிச்சப் புட்டுத் தந்தம், முகம் சுழிக்கேல்லை. பிடிச்ச ஆளுக்காக ஊரோடை சண்டை பிடிச்சீங்கள். உங்களைப் போல ஒரு ஆள் இளவயசிலை வந்தால், சாதகம்கூடப் பாக்காமல் குடுப்பன்."

"அது உண்மை," என்றாள் அன்னபூரணம். "தரகர் ஐயா மாதிரி எண்டால் எனக்கும் சம்மதம்."

தரகர் நிமிர்ந்தார்.

"வாக்கோ?"

"வாக்கு."

"பிள்ளை என்ன சொல்லுறா?"

நாகபூசணி மல்லித்தண்ணி கொண்டு வந்தாள். தரகர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்காமல், போர்வையோடு சேர்த்தே கோப்பையை வாங்கினார்.

"சூடு," என்றார்.

"ஓம். சூடுதான்," என்றாள் நாகபூசணி. பிறகு சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "எனக்கும் சம்மதம், அப்பா."

தரகர் அதற்குப் பிறகு நிற்கவில்லை. படலையால் சுற்றிப் போனால் பிந்தும் என்று நினைத்தாரோ என்னவோ, நேரே ஓடிக் கல்வேலியைப் பாய்ந்து ஒழுங்கைப் பாதைக்குள் விழுந்தார்.

"ஐயோ, வயசான மனுசன்!" என்று ஆழ்வாப்பிள்ளை கத்தினார்.

ஓட்டத்தில் குடை விறாந்தையிலேயே கிடந்தது.

பின்னேரம் லோஞ்சு திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் படலை தட்டும் சத்தம் கேட்டது.

"தரகர் குடைக்குத் திரும்பி வந்திட்டார்," என்று அன்னபூரணம் குடையை எடுத்துக்கொண்டு போனாள். ஆழ்வாப்பிள்ளையும் பின்னால் போனார்.

படலையில் நின்றது மொட்டைத் தலையுடன் மெலிந்த ஒரு கிழவர். முன்பின் கண்டதில்லை. வந்த இருமலைக் கையால் பொத்தி அடக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"குறை நினையாதேங்கோ, நான்தான் ஊர்காவற்றுறைத் தரகர் தம்பிஐயா; காய்ச்சலிலை கிடந்திட்டன், எழும்பி வாறதுக்குப் பிந்திப்போச்சு, இந்தாங்கோ, பப்படம் பரமலிங்கத்தின்ரை சாதகம்."