சாக்குப்பை டீச்சர் நடத்திய மாட்டுச்சந்தை

தென்காசி தாலுகாவில் சாக்குப்பை டீச்சரிடம் ‘முடியாது’ என்று சொல்லித் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. மனிதர்களை மட்டும் சொல்லவில்லை. குற்றாலத்தில் ஒரு குரங்கு அவருடைய பையைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் ஏறியபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அது பையைப் போட்டுவிட்டு ஓடும்வரை விடவில்லை. பையில் தின்பதற்கு ஒன்றும் இல்லாததால்தான் போட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நேரில் பார்த்தவன். அந்தக் குரங்கு பயந்துதான் போட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மிக்சர் கலக்குவதும் களிம்பு அரைப்பதும் என் உத்தியோகம். என் அலமாரியில் ஒரு பாட்டில் இடம் மாறியிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு எதிர் அறையைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் அந்த அம்மாவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த அம்மா செங்கோட்டைக்காரர், அந்த ஊர் மலையாளத்தோடு இருந்த காலத்தில் பிறந்தவர். பம்பாய்க்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று கதவில் பலகை மாட்டினார்கள். பக்கவாதம் வந்து கைகால் மரத்துப்போனவர்களைப் பழையபடி அவரவர் வேலையைச் செய்ய வைக்கிற படிப்பு அது. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஊசி போடாததால் டாக்டர் இல்லை, வெள்ளை உடுப்பு போடாததால் நர்ஸ் இல்லை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி உயிரை வாங்குவதால் டீச்சர் என்று ஜனங்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள்.

டீச்சர் தோளில் எப்போதும் தொங்கிய சாக்குப்பைக்குள் தேங்காய் நார், உப்புத்தாள், புளியங்கொட்டை, பட்டுத்துணி, சோழி, பழைய சாவி எல்லாம் இருக்கும். நோயாளியின் கண்ணைக் கட்டி, அரிசிப் பானைக்குள் கையை விடச் சொல்லி, சாவியை எடு, சோழியை எடு என்பார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், ஜமாபந்தியில் ஊரையே நடுங்க வைத்தவர், கண்ணில் துணியோடு சோழி தேடிக்கொண்டிருப்பார். கையில் வருவது புளியங்கொட்டையாக இருக்கும். “ஒண்ணுகூடி” என்பார் டீச்சர். கோபமோ சந்தோஷமோ மிஞ்சினால் அவருக்கு மலையாளம் வந்துவிடும். இன்னொரு தடவை என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பாதிப் பேருக்குக் குணமாகியிருக்கும் என்பது என் கட்சி.

வைத்தியம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். இந்தக் கையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? சாப்பிடுவேன், குளிப்பேன் என்று மழுப்பினால் விடமாட்டார். வீட்டுக்கே வந்துவிடுவார். கிணற்றடியில் நின்று அந்த வீட்டம்மாள் எப்படி வாளியை இழுக்கிறாள், எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்ப்பார். மறுநாள் ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பியில் கயிறும் வாளியும் தொங்கும். வாளிக்குள் கனத்துக்கு என் மிக்சர் பாட்டில்கள் இருக்கும்.

இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தார் தரகர் சுடலை அண்ணாச்சி. பாவூர்சத்திரம் பக்கத்து மாட்டுச்சந்தையில் அவர் பெரிய ஆள். புளியறை எல்லை தாண்டி மலையாளத்து வியாபாரிகள் வந்தால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். மாட்டுச்சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வலதுகையை நீட்ட, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். எந்த விரல், எத்தனை விரல், முழு விரலா அதில் ஒரு கணு மட்டுமா என்பதில் இருக்கிறது விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும்.

அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து, கால் தேறி, கையும் ஓரளவு தூக்க வந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் வலதுகையில் உணர்ச்சி இல்லை. பீடி எரிந்து விரலைச் சுட்டதை வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். வீட்டிலும் சொல்லாமல் சந்தைக்குப் போயிருக்கிறார். ஒரு மலையாளத்து வியாபாரி துண்டுக்குள் விரலைப் பிடித்தபோது இவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் இடதுகையை நீட்டிவிட்டார். சந்தையில் அதைவிட அவமானம் கிடையாது. அந்த ஆள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேறு தரகரிடம் போய்விட்டார்.

டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி மரத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்தக் கை இல்லேன்னா நான் சந்தைக்குள்ள நிக்க முடியாது டீச்சரம்மா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“சரி, நின்னுக்கலாம். நாளைக்கு வாங்க” என்று டீச்சர் பையை எடுத்தார். ஆயுள் ரேகை பார்த்துச் சொல்கிறவன்கூட அப்படி வாக்குக் கொடுக்கக் கொஞ்சம் யோசிப்பான்.

முதலில் தேங்காய் நாரால் கையைத் தேய்தேய் என்று தேய்த்தார். நல்ல கையால் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, பிறகு மரத்த கையால் அதையே தொட வேண்டும். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி. சொரசொரப்பிலிருந்து வழுவழுப்புக்கு, பெரியதிலிருந்து சின்னதுக்கு. சாரல் தொடங்கியதும் விடியற்காலையில் குற்றாலம் சிற்றருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்களோடு ஒரு பெண்பிள்ளை எப்படிப் போவது என்று யாரோ கேட்டதற்கு, துணைக்குக் கம்பவுண்டர் வருகிறார் என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி அருவிக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் விழுவது எந்த இடம்வரை தெரிகிறதோ, அந்த இடத்தில் டீச்சர், புண்ணுக்குத் தடவுகிற என் ஜென்ஷன் வயலெட் மருந்தால் ஒரு ஊதாக்கோடு போடுவார். முதல் கோடு தோளுக்குக் கீழே விழுந்தது. பிறகு முழங்கைக்கு வந்தது. அங்கேயே நின்று எங்களைக் கதற வைத்துவிட்டு, ஒருநாள் மணிக்கட்டுக்கு இறங்கியது. கைமுழுக்க வளையம் வளையமாக ஊதாக்கோடு. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் இது என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். என் வயலெட் பாட்டில் தீர்ந்துபோன துக்கத்தில் நான் டீச்சரைக் கைகாட்டிவிட்டேன்.

மணிக்கட்டுக்கு வந்ததும் டீச்சர் புளியங்கொட்டையை ஒதுக்கிவிட்டு ஒரு துண்டைக் கேட்டார். இனிமேல் பேரம்தான் வைத்தியம். எந்த விரல் என்ன விலை என்று சொல்லுங்கள் என்றார். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. தொழில் ரகசியம், அதுவும் ஒரு பெண்ணிடம், செத்தாலும் சொல்ல முடியாது என்றார். டீச்சர் சண்டை போடவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், கம்பவுண்டரிடம் சொல்லுங்கள் என்றார். நான் சுடலைமாடன் பேரில் சத்தியம் செய்து கொடுத்து வியாபாரி ஆனேன்.

வராந்தாவில் பெஞ்சைப் போட்டு, துண்டுக்குள் நான் விரலைப் பிடிப்பேன், அண்ணாச்சி விலையை என் காதில் சொல்வார். எல்லாம் சரியாகச் சொன்னார். நான் துள்ளிக் குதிக்காத குறை. டீச்சர் மட்டும் சந்தோஷப்படாமல், அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பவுண்டரே, துண்டு அசையும்போதெல்லாம் ஒரு தடவ ஒங்க புருவம் ஏறுது. மறு தடவ உதட்டைக் கடிக்கீக. அவரு கையால பார்க்கல, ஒங்க மூஞ்சியைப் பார்க்காரு.”

அண்ணாச்சி சட்டென்று என் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுத்துத் துண்டைப் பார்த்தார். முப்பது வருஷம் வியாபாரிகள் மூஞ்சியைப் படித்த மனுஷன், என் மூஞ்சி எம்மாத்திரம். டீச்சர் சாக்குப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். காலிப் பையை என் தலையில் மாட்டினார். அன்றைக்கு அண்ணாச்சி சொன்ன ஒரு விலைகூடச் சரியாக இல்லை. சாக்குக்குள் இருந்த எனக்குத் தும்மலும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாள் போகப் போக, சாக்குக்குள் இருந்தபடி நான் பிடித்த விரலுக்கு விலை சரியாக வர ஆரம்பித்தது. இந்தக் கூத்தைத் தினமும் ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆஸ்பத்திரியில் மாட்டு வியாபாரம் நடக்கிறது என்று பரவிவிட்டது. ஒருநாள் இலஞ்சியிலிருந்து ஒரு விவசாயி ஒரு ஜோடி காளையை ஓட்டிக்கொண்டு வந்து வராந்தாத் தூணில் கட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தூணில் காளை, தரையில் சாணம், பெஞ்சில் தலையில் சாக்கோடு அவருடைய கம்பவுண்டர். இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

“ட்ரீட்மென்ட் நடக்கு டாக்டர். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்கு” என்றார் டீச்சர்.

காளை வந்தது டீச்சருக்குப் பரம திருப்தி. விவசாயியை உட்கார வைத்துத் துண்டைப் போட்டார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு விலையைச் சொன்னார். விவசாயி துண்டை உதறிவிட்டு எழுந்தார். தான் பிடித்தது என்ன, இவர் சொல்வது என்ன, அந்த விலைக்கு ஒரு காளையின் வால்கூட வராது என்று சத்தம் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டுப் போனார். இனி வரமாட்டேன் என்றார்.

மறுநாள் வரவில்லை. டீச்சர் அவர் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து, தப்பு தன்னுடையது என்றார். கம்பவுண்டர் கை களிம்பு அரைத்து மெத்தென்றிருக்கிற கை. விவசாயி கை காய்த்துப்போன கை. ஒரே கையைக் கொடுத்துப் பழக்கினால் எப்படி வரும், பலதரப்பட்ட கை வேண்டும் என்றார். அண்ணாச்சி திரும்பவில்லை.

“நீங்க வரலேன்னா பரவாயில்ல அண்ணாச்சி. நான் எல்லாரையும் இங்கன கூட்டிட்டு வாரேன்.”

செய்கிற ஆள் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லோரும் துண்டுக்குள் கைவிட வேண்டியதாயிற்று. மூட்டை தூக்குகிறவர், சமையல்காரர், தையல்காரர், பல்வலிக்கு வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லை. சோழி தேடிய தாசில்தாரும் உட்கார்ந்தார். அவருக்கும் விரல் மந்தம், இவருக்கும் விரல் மந்தம். இரண்டு பேரும் துண்டுக்குள் மல்லுக்கட்டி, ஒருவர் கையை ஒருவர் தேற்றினார்கள். ஒவ்வொருவரும் சுடலைமாடன் பேரில் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்தத் தொழில் ரகசியம் தெரியாத ஒரே ஜீவன் டீச்சர்தான். பெரிய டாக்டருக்குக்கூடத் தெரியும், ஒருநாள் வந்து இரண்டு காளைக்குப் பேரம் பேசிவிட்டுப் போனார்.

சாரல் ஓய்ந்த சமயம் ஒரு சந்தை நாளில் மூன்று பேரும் பாவூர்சத்திரத்துக்கு பஸ் ஏறினோம். மாட்டுச்சந்தைக்குள் பெண்கள் வருவதில்லை என்று அண்ணாச்சி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் அதற்குள் சாணத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அதே மலையாளத்து வியாபாரி நின்றிருந்தார். அண்ணாச்சி நேரே அவரிடம் போய் வலதுகையை நீட்டினார். அந்த ஆள் கொஞ்சம் தயங்கிவிட்டுத் துண்டைப் போட்டார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. டீச்சர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், அது நசுங்குவது அவருக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல் சொன்னார், “கணுவைப் பிடிச்சிட்டு மாட்டைக் கேக்கீரே, நல்லா இருக்காவே? முழு விரலுக்கு வாரும்.”

வியாபாரி சிரித்துவிட்டார். மாடு கைமாறியது.

அண்ணாச்சி வேகமாக எங்களிடம் வந்தார். அழுகையை அடக்கியதில் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. கையை நீட்டி, அதன்மேல் தன் துண்டைப் போட்டு, டீச்சர் முன்னால் நின்றார். சுற்றியிருந்த தரகர்கள் தங்கள் பேரத்தை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள்.

“எங்க தொழில்ல ஒரு பொம்பளைக்கும் துண்டு போட்டது கெடையாது. ஒங்களுக்குப் போடுதேன்.”

டீச்சர் துண்டுக்குள் கையை விட்டார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார், கடைசி விரலுக்கு அண்ணாச்சி தலையாட்டத் தாமதித்தார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, எனக்கும் நிற்கிறது. டீச்சருக்குப் புருவம் சுருங்கியது.

“சுண்டுவிரல் இன்னும் மந்தமாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில வந்துருங்க.”

அண்ணாச்சி வருகிறேன் என்று தலையாட்டினார்.

அண்ணாச்சி சந்தையிலேயே நின்றுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்படியொரு அழுகை, நிற்கவே இல்லை. அந்த அம்மா அழுவதை ஊரார் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று, பஸ் ஏன் இப்படி ஊர்கிறது என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸே என்னைத்தான் பார்த்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை, தென்காசி வருமட்டும், விடாமல் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.