ஒன்பது மென்பொருளும் ஒரு வாளியும்

ஏப்ரல் மூன்றாம் தேதி காலை, இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்த கையோடு டைஸ்டோ கெம்பைனன் ஒரு சபதம் செய்தார். மனசுக்குள் செய்திருந்தால் தப்பித்திருப்பார். மனைவி ஹில்க்கா எதிரே உட்கார்ந்து செய்தார். அங்கேதான் கோட்டை விட்டார்.

விஷயம் இதுதான். காயானி ஊர் நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கணினி விளையாட்டு உருவாக்கப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த ஊரையே ஒரு விளையாட்டாகச் செய்கிறார்களாம். ஆற்றுப் பாலம், சர்ச், சந்தைத் திடல் எல்லாம் தயார். திடலில் வைக்க வீட்டுச் சாமான்கள்தான் பாக்கி. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் ஒரு பொருளைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்து, நிறம் பூசி, மே மூன்றாம் தேதிக்குள் அனுப்பலாம்.

"நம்ம சவுனா வாளியை நான் செய்யப்போறேன்" என்றார் டைஸ்டோ. நீராவிக் குளியல் அறையில் தண்ணீர் வைக்கும் மரவாளி அது.

"கம்ப்யூட்டர்ல மீன் பிடிக்கிற படம் பார்க்கிறதத் தவிர உனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள் ஹில்க்கா.

"முப்பத்தொரு வருஷம் நகராட்சியில நில அளவையரா இருந்தவன் நான். ஊரையே அளந்தவனுக்கு ஒரு வாளி பெரிசா?"

"செய்யலைன்னா?"

"செய்யலைன்னா இந்தக் கோடை முழுக்க ஏரிக்கரை வீட்டுத் தொட்டியை நானே காலி பண்றேன். செஞ்சுட்டேன்னா நீ!"

தொட்டி என்றால் சாதாரணத் தொட்டி இல்லை. ஏரிக்கரைக் கோடைவீட்டில் குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. மரங்களுக்கு நடுவே பலகையடித்த ஒரு கழிப்பறை. உட்காரும் பலகைக்கு அடியில் தொட்டி. உபயோகித்தவர் மரப்பட்டைத் தூளை ஒரு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டு வருவார். அது நிறைந்ததும் யாராவது ஒருவர் இழுத்துக்கொண்டு போய் எருக்குழியில் கொட்ட வேண்டும். இருபத்தாறு வருஷமாக வாரம் ஒருவர் என்று முறை வைத்துச் செய்கிறார்கள். ஜூலையில் மகள்கள், மருமகன்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பதினோரு பேர் வந்து உட்காரும்போது, அது பந்தயம் கட்டக்கூடிய சமாசாரமே இல்லை.

ஹில்க்கா ஒரு காகிதம் எடுத்தாள். 'டைஸ்டோவின் வாளி விளையாட்டுக்குள் வந்தால் ஹில்க்கா. வராவிட்டால் டைஸ்டோ.'

"கையெழுத்துப் போடு. எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்னு சொல்ற ஆள் நீதானே?"

நிலப் பத்திரத்துக்குப் போடுவது போல நிதானமாகப் போட்டார். காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது.

வாளி செய்ய மென்பொருள் வேண்டும். டைஸ்டோ தேடினார். முதலில் கண்ணில் பட்டது பிளெண்டர். இலவசம். உருவமும் செய்யலாம், நிறமும் பூசலாம். சாதாரண மனுஷன் அதோடு நிறுத்தி, வாளியை ஆரம்பித்திருப்பான். டைஸ்டோ அளவையராயிற்றே! ஒன்றைப் பார்த்து முடிவெடுப்பவர் அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஓர் அட்டவணை போட்டார். முதல் வரிசையில் பிளெண்டரை எழுதினார். இரண்டாவது, மாதச் சந்தா கேட்பது. மூன்றாவது, எதையும் இறக்காமல் இணையத்திலேயே ஓடுவது. நான்காவது, மாவு பிசைகிற மாதிரி அமுக்கியும் இழுத்தும் உருவம் செய்வது. ஐந்தாவது, உருவம் செய்யத் தெரியாது, நிறம் மட்டும் பூசும். இப்படியே ஒன்பது.

ராத்திரிச் சாப்பாட்டில் அட்டவணையை விளக்கினார். ஹில்க்கா கறுப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். அவள் தொழில் பழைய சோபா, நாற்காலிகளுக்குப் புது உறை தைப்பது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் இவ்வளவு ஆர்வமாகக் கேள்வி கேட்டு டைஸ்டோ பார்த்ததே இல்லை. பூரித்துப்போனார்.

"சரி, வாளி செஞ்சாச்சு. அதுமேல மரத்தோட ரேகை எப்படி வரும்?"

"நல்ல கேள்வி! வாளியோட தோலை உரிச்சுத் தட்டையா விரிக்கணும். அந்தத் தட்டை மேல மரத்தோட படத்தை ஒட்டணும். அப்புறம் திருப்பிப் போர்த்தணும்."

"எங்க வெட்டி உரிக்கணும்?"

"கண்ணுக்குத் தெரியாத பக்கமாப் பார்த்து."

"சோபா உறைக்குத் தையல் போடுற மாதிரி."

"அடடா, அது வேற, இது வேற! இது தொழில்நுட்பம்."

"ஓகோ" என்றாள் ஹில்க்கா. "அந்த உரிக்கிற வேலையை ஒன்பதுல எது சுலபமாப் பண்ணும்?"

அட்டவணையில் 'தோலுரித்தல்' என்று புதுப் பத்தி ஒன்று ஏறியது. அதற்கு நாலு நாள்.

இது வாடிக்கையாகிவிட்டது. அவர் எப்போதெல்லாம் "நாளைக்கு ஆரம்பிச்சுடுறேன்" என்பாரோ, அப்போதெல்லாம் ஹில்க்காவுக்கு ஒரு சந்தேகம் வரும். "வளையத்துல துருப்பிடிச்ச மாதிரி காட்ட முடியுமா?" அதற்கு ஒரு வாரம். "பலகைக்கு நடுவுல இருக்கிற இடுக்கை நிஜமாவே குடையணுமா, இல்ல குடைஞ்ச மாதிரி படத்துல ஏமாத்தினாப் போதுமா?" அதற்கு ஐந்து நாள். கண்டுபிடித்துவந்து மேசையைத் தட்டி விளக்குவார். "ஏமாத்தினாப் போதும்! குடைஞ்சா பாரம் கூடி விளையாட்டு நொண்டும்." அவள் தலையாட்டுவாள். மறுநாள் மத்தியானம், "நூலகத்துக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்புவாள். தையல் மெஷின் சத்தம் கொஞ்ச நாளாகவே கேட்கவில்லை. படிக்க அமைதியாக இருக்கிறது என்று டைஸ்டோ சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை டைஸ்டோ வீட்டுச் சவுனாவில் பக்கத்து வீட்டு உர்ப்போ கேட்டார். "எந்த மட்டுல இருக்கு வாளி?"

"ஒன்பதுல ஏழைக் கழிச்சாச்சு."

"வாளியைக் கேட்டேன்யா."

"அதுக்குத்தானே கழிக்கிறேன்!"

உர்ப்போ நிஜ வாளியிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு சூட்டுக் கல்லில் ஊற்றினார். 'உஸ்ஸ்' என்றது கல். "இந்த வாளியை எங்கப்பா ஒரே நாள்ல செஞ்சார்" என்றார் உர்ப்போ. டைஸ்டோ உட்கார்ந்திருந்த மேல் பலகையிலிருந்து இறங்கிவிட்டார். சூடு தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

மே முதல் தேதி விடிந்தது. இன்னும் இரண்டே நாள். அட்டவணையில் முப்பத்தெட்டுப் பத்திகள். டைஸ்டோ மதிப்பெண்களைக் கூட்டினார். முதலிடம், பிளெண்டர். இருபத்தெட்டு நாள் ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றார். எருக்குழியும் கொசுவும் கண் முன்னால் வந்தன. பிறகு மனுஷன் சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தார். உருளை ஒன்றை வரவழைத்தார், மேலே கொஞ்சம் அகட்டினார், உள்ளே குடைந்தார். நிஜ வாளியை மடியில் வைத்து நுணுக்கி நுணுக்கி அளந்தார். உயரம் முப்பது என்று தட்டினார். வாளி நிமிர்ந்து நின்றது. தோலுரிக்க நேரம் இல்லாததால் மொத்தமாக ஒரே பழுப்பு.

ஹில்க்கா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. அளவு சரியாப் பார்த்தியா?"

"என்கிட்டயா கேக்குற? அளவை? என்கிட்ட?"

"கேட்டுவெச்சேன்" என்றாள். டைஸ்டோ அனுப்பும் பொத்தானை ஓங்கி அழுத்தினார். பழியாய்க் கிடந்து செய்ததில் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு வாளி! அவர் கையால் செய்த வாளி!

அடுத்த சனிக்கிழமை நூலகக் கூடத்தில் விளையாட்டைத் திரையில் காட்டினார்கள். பின்னால் மேசையில் காப்பியும் ஏலக்காய் பன்னும். மாணவி வில்யா கணினியைத் தட்டினாள். திரை முழுக்கப் பழுப்பு.

"சந்தைத் திடல் எங்கம்மா?" என்றார் உர்ப்போ.

"இதுதான் திடல்."

"ஒண்ணுமே தெரியலையே. லைட்டைப் போடு."

"லைட்டெல்லாம் இருக்கு. நாம இப்ப டைஸ்டோ சாரோட வாளிக்கு அடியில நிக்கிறோம்."

வில்யா பார்வையைப் பின்னால் இழுத்தாள். பாலம் வந்தது. ஆறு வந்தது. எதிர்க்கரையே வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால்தான் தெரிந்தது: ஊருக்கு நட்டநடுவே, சர்ச்சுக்குப் பக்கத்தில், பத்து மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஒரு வாளி.

"இதுல தண்ணி ஊத்த எந்த ஏரியைத் திருப்பப்போற?" என்றார் உர்ப்போ. கூடம் அதிர்ந்தது.

"அதுல கணக்கெல்லாம் மீட்டர் சார்" என்றாள் வில்யா. "நீங்க சென்டிமீட்டர்னு நினைச்சு முப்பது தட்டிட்டீங்க. முதல் தடவை எங்க வகுப்புலயும் எல்லாரும் இதே தப்புதான் பண்ணோம். ஆனா நாங்க யாரும் நில அளவையர் இல்ல."

"சின்னதாக்கிடலாமே?" என்றார் டைஸ்டோ.

"ஆக்கலாம். ஆனா வாளி ஏற்கெனவே ஒண்ணு வந்துடுச்சே."

திடல் மறுபடி வந்தது, இந்தத் தடவை பெரிய வாளி இல்லாமல். மீன் கடை ஓரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு வாளி. பலகைக்குப் பலகை ரேகை. வளையத்தில் துரு. அடுப்பில் பட்டுக் கருகிய விளிம்பு.

"அது என் வாளி!" என்று எழுந்தார் டைஸ்டோ. "அந்தக் கருகல் என் வீட்டுக் கருகல்!"

"அனுப்பினது ஹில்க்கா கெம்பைனன்" என்று வாசித்தாள் வில்யா. "தையல் எங்க போட்டிருக்காங்கன்னு எங்க ஆசிரியருக்கே தெரியல."

டைஸ்டோ திரும்பினார். ஹில்க்கா பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ... எந்த மென்பொருள்ல?"

"உன் அட்டவணையில முதல் வரிசை. நீ எழுதின அன்னிக்கே நூலகத்துக் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சுட்டேன். தெரியாததைத் தினம் சாயங்காலம் உன்கிட்ட கேட்டுக்கிட்டேன். நல்லாச் சொல்லிக்குடுத்தே மனுஷா. சும்மா சொல்லக்கூடாது."

"அந்தக் கேள்வியெல்லாம்..."

"சந்தேகம்தான். உன் அளவையும் கேட்டேனா இல்லையா?"

டைஸ்டோ சோர்ந்து உட்கார்ந்தார். வில்யாவுக்கு மனசு கேட்கவில்லை. "சார், உங்களதையும் தூக்கிப்போடல. முதல்ல காட்டினது பழைய படம். இப்ப அதை ஆள் உயரத்துக்குச் சுருக்கி, கூரை போட்டு, கதவு வெட்டி, திடல் ஓரத்துல வெச்சிருக்கோம்."

டைஸ்டோவுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா ஹில்க்கா! உள்ள வந்துடுச்சு! பந்தயம் எனக்கு! என்னவாம்மா வெச்சிருக்கீங்க?"

"பொதுக் கழிப்பறையா."

"காகிதத்துல 'வாளி'ன்னு இருக்கு" என்றாள் ஹில்க்கா. "கையெழுத்து உன்னுது."

"ஒரே ஒரு குறை" என்றாள் வில்யா. "வெளியே மட்டும்தான் இருக்கு. உள்ளே எப்படி இருக்கும்னு நுணுக்கமாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்."

"ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றாள் ஹில்க்கா. "அப்ப இவரைவிட நல்லாத் தெரிஞ்சவர் இந்த ஊர்லயே இருக்கமாட்டார்."