ஜாலி ஓடமும் கேசரித் தட்டும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காடு மொத்தமும் அந்த ஏரியில்தான் கிடக்கும். ஆனால் ஒரு விசேஷம், படகில் ஏறுகிற விலங்கு தனியாகத்தான் ஏறும். பக்கத்துப் படகில் தெரிந்த முகம் போனால் "என்ன, படகா?" என்று ஒரு கேள்வி. "ஆமா, படகுதான்" என்று ஒரு பதில். அதோடு சரி. கூட வருகிறாயா என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம்.

அங்கே சிங்காரவேலு என்று ஒரு நீர்நாய். கல்யாணம் ஆகாதவன், வாய் ஓயாதவன். அப்படிப்பட்டவன் எதிரே காலியாகக் கிடக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டே வாராவாரம் துடுப்புப் போடுவதென்றால் எவ்வளவு கொடுமை! எதிரே ஒருவர் உட்கார வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், ஏரியை ஒரு சுற்று சுற்ற வேண்டும். அவனுக்கு உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான்.

அவன் வேலை பார்த்தது செல்போனுக்கு ஆப் செய்யும் கம்பெனியில். முதலாளி ரங்கபாஷ்யம் என்கிற உடும்பு. படகுப் பிரியர்களைக் கூட்டுச் சேர்க்க 'ஜாலி ஓடம்' என்று ஓர் ஆப் செய்யலாம் என்று சிங்காரவேலு போய்ச் சொன்னான்.

"ஐடியா நல்லாத்தான் இருக்கு," என்றார் உடும்பு. "ஆனா யூசருக்கு என்ன வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நானே யூசர்தான் சார்."

"நீ சம்பளம் வாங்குறவன்யா. யூசர் வெளியில இருக்கான். போய்க் கேட்டுட்டு வா. அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் செய்வோம். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்று காட்டுக்கே தெரியும். சிங்காரவேலு பயனர் ஆய்வுக்கான பயிற்சி வகுப்புக்குப் போனான். வகுப்பில் சொன்னார்கள்: யூசரை வீட்டிலேயே போய்ப் பார். நன்றாக உடுத்திக்கொண்டு போ. தனியாகப் போகாதே, குறிப்பெடுக்க ஆள் கூட்டிப் போ. வெறுங்கையோடு போகாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்கு வந்திருக்கிறாய் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே. சொன்னால் உன்னைத் திருப்திப்படுத்த ஏதாவது சொல்லி வைப்பார்கள்.

அத்தனையும் நல்ல விதிகள், குறை சொல்ல முடியாது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கண்ணில் இது எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாணமாகாத பையன். பக்கத்தில் பட்டுப் புடவையில் ஆபீஸில் மூத்தவளான மைனா கோமளா. கையில் ஒரு தட்டுப் பழம். வந்த காரியம் என்ன என்று கேட்டால் ஒரு புன்சிரிப்பு.

முதல் வீடு முள்ளம்பன்றி ஆறுமுகம் வீடு. "வாங்க தம்பி, வாங்க வாங்க!" என்று ஆறுமுகம் வாசலுக்கே ஓடி வந்தார். உள்ளே பாய் விரித்தாயிற்று. பஜ்ஜி வந்தது. மகள் செண்பகவல்லி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"யாரும் பதட்டப்பட வேணாம்," என்று சிங்காரவேலு வகுப்பில் சொன்னபடியே ஆரம்பித்தான். "இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. மனசுல உள்ளதைச் சொன்னாப் போதும்."

"எவ்வளவு தன்மையாப் பேசுது பாரு!" என்று ஆறுமுகம் மனைவியின் காதைக் கடித்தார்.

"லீவு நாள்ல பொழுது எப்படிப் போகும் உங்களுக்கு?" என்று செண்பகவல்லியைப் பார்த்துக் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள்.

"வீட்டை விட்டு வெளியவே போகமாட்டா தம்பி," என்றார் ஆறுமுகம்.

"படகுச் சவாரி போனதுண்டா?"

"சேச்சே! அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் நம்ம வீட்டுல கிடையாது."

"செண்பகம், உள்ள போய்க் கேசரி எடுத்துட்டு வா," என்று அம்மா அவளை அனுப்பிவைத்தாள்.

"சரி, இனிமே யார்கூடவாவது சேர்ந்து போக விருப்பம் இருக்குமா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவர் கூட்டிட்டுப் போனா, போவா," என்றார் ஆறுமுகம்.

"படகுல எத்தனை பேர் இருந்தா நல்லாயிருக்கும்?"

"மொதல்ல ரெண்டு பேரு. அப்புறம் கடவுள் கொடுக்கிறது."

கோமளா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது முயல் வீடு. அங்கே எல்லாம் ஆண் பிள்ளைகள். இவன் தங்கைக்கு வரன் பார்க்க வந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, மூத்த பையனைக் குளிப்பாட்டி உட்காரவைத்தார்கள். "உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லுங்க," என்றான் சிங்காரவேலு. "எங்களுக்குன்னு எதுவும் வேணாங்க," என்றார் முயல் அப்பா. "உங்களுக்கா இஷ்டப்பட்டு என்ன செய்றீங்களோ செய்ங்க." இப்படி ஒரு பெருந்தன்மையான யூசரா என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மிளா மான் வீட்டில், பையனுக்குச் சொந்தப் புதர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். வீடு வீடாக இதே கதைதான். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு அவனுக்குக் கேசரி சேர்ந்துவிட்டது.

அறிக்கையைப் படித்த உடும்பு துள்ளிக் குதித்தார். "பாத்தியா! நீ பாட்டுக்கு ஏதோ படகு, ஜாலின்னு நினைச்சே. யூசர் கேக்கிறது என்ன? ரெண்டு பேர், ஆயுசுக்கும் ஒரே படகு, பெரியவங்க சம்மதம்!"

"சார், யாருமே படகைப் பத்திப் பேசவே இல்லியே சார்."

"அதுதான்யா கண்டுபிடிப்பு!"

ஒரு எழுத்து கூடாமல், குறையாமல் ஆப் தயாரானது. முதல் பக்கத்தில் நட்சத்திரம், ராசி. அடுத்த பக்கத்தில் துடுப்புப் பொருத்தம். படகின் படத்தில் இருவருக்கு நடுவே தாய்மாமாவுக்கு ஓர் இருக்கை. 'வேண்டாம்' என்ற பொத்தான் மட்டும் இல்லை, ஏனென்றால் எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த இடத்தில் 'வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்று பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது.

ஏரிக்கரையில் திறப்பு விழா. சிங்காரவேலு ரிப்பன் பக்கம் போவதற்குள் ஆய்வு செய்த வீட்டார் அத்தனை பேரும் தாம்பூலத் தட்டோடு வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாத்துட்டுப் போனீங்க, கேசரி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க. ஒரு பதில் உண்டா?" என்றார் ஆறுமுகம். மிளா கொம்பைத் தாழ்த்தியது. அப்போதுதான் சிங்காரவேலுவுக்கு விஷயம் உறைத்தது.

காப்பாற்றியவள் கோமளா. "பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம், பையன் வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் நில்லுங்க. எல்லாரும் ஆப்பை இறக்கிக்குங்க!" என்று கத்தினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றையொன்று ஏற இறங்கப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் தட்டுகள் கைமாறின. முயல் பையனுக்கும் மிளாப் பெண்ணுக்கும் எல்லாம் பொருந்தியது, உயரத்தைத் தவிர. செண்பகவல்லி மட்டும் வந்த வரன் எல்லாவற்றுக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு ஏரிக்கு வர யாருக்கும் நேரமில்லை. கல்யாணம் ஆனவர்கள் மறுவீடு போனார்கள். ஆகாதவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார்கள். சிறந்த படகு ஆப் என்று ஜாலி ஓடத்துக்கு விருது கிடைத்தது. விருதை உடும்பு வாங்கிக்கொண்டார். சிங்காரவேலுவுக்குக் காற்றடித்த ரப்பர் படகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி அவன் ஏரிக்குள் போனான். முன்பாவது "என்ன, படகா?" என்று கேட்க ஆள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவனுக்கு அழுகை அழுகையாக வந்தது.

நாணல் மறைவில் ஏதோ அசைந்தது. பார்த்தால், ஒரு பழைய மரத்தொட்டியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி.

"நீங்களா! படகுப் பழக்கமே கிடையாதுன்னு அப்பா சொன்னாரே?"

"அப்பாவைத்தானே கேட்டீங்க? நான் வாராவாரம் வர்றேன்."

சிங்காரவேலு கூச்சத்தை எல்லாம் விழுங்கிவிட்டு, "என் படகுல ஒரு சுத்து வர்றீங்களா?" என்றான்.

அவள் யோசித்தாள். "வர்றேன். ஆனா இதுதான் கடைசிக் கேள்வி. இதுக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாது. உங்க கேள்வியால எங்க வீடு பட்டதெல்லாம் போதும்."

படகு இருக்க, எதற்கு மரத்தொட்டி என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது. கடித்து அடக்கிக்கொண்டான். அவள் மெல்ல இந்தப் பக்கம் தாவி, எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வெயில் கம்மி," என்றாள்.

"ஆமா, கம்மிதான்," என்றான் அவன். பிறந்ததிலிருந்து இவ்வளவு நல்ல பேச்சை அவன் பேசியதில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. அவளும் நிம்மதியாக முதுகைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

டமால்!

இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் மிதந்தார்கள். ரப்பர் படகு புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு தனியாக ஒரு சுற்று சுற்றப் போய்விட்டது.

"முள்ளு குத்தும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றான் சிங்காரவேலு.

"நீங்க கேக்கலியே!"

"கேக்கக் கூடாதுன்னீங்களே!"

"அதுக்குன்னு?" என்றாள் செண்பகவல்லி.

நீதி: கேள்வி கேட்டால் கல்யாணத்தில் முடியும், கேட்காவிட்டால் தண்ணீரில் முடியும். ஆகையால் விவரமானவர்கள் உடும்பாகப் பிறந்து, கரையில் உட்கார்ந்து அறிக்கை மட்டும் படிக்கக் கடவர்.