நீர்வேலிக்கு வந்த பறக்கும் தட்டு

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். தெரிந்ததை எல்லாம் ஊருக்குச் சொல்லியே தீரவேண்டும். எனக்கு அது உயர்தரம் படிக்கும்போது முற்றியது.

வெளிநாட்டுப் போர் விமானிகளை ஒளிவீசும் தட்டுகள் வானத்தில் துரத்திய கதைகளை ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்துவிட்டு, எங்கள் வாசிகசாலையில் சொற்பொழிவு வைத்தேன். வாழைத்தோட்டத்தை விட்டு எந்தக் கூட்டத்துக்கும் வராத ஐயாவும் வந்திருந்தார், சாரத்தோடு. (கோயிலுக்குக் கட்டும் கரைவேட்டியைத் தேடித் தேடியும் கிடைக்கவில்லையாம்.)

"என்ரை மகன்தான் கதைக்கப்போறான்" என்று முன்வாங்கு முழுவதற்கும் அறிவித்துவிட்டார்.

விமானி தட்டைக் கண்ட கட்டத்துக்கு நான் வந்தபோது கூரை அதிர்ந்தது.

"ஹெலி!" என்று யாரோ கத்தினார்கள். ஆமியின் ஹெலிகொப்டர் மேலிருந்து சுடும் போர்க்காலம் அது.

சபை ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடி மாமரத்தடியில் ஒதுங்கியது. அந்தி வெயிலில், ஹெலிக்கு நேரெதிரே, வெள்ளிபோல ஒன்று மின்னிக்கொண்டு நின்றது! ஹெலி தயங்கியது. சரிந்தது. தூரத்தே ஒரு வட்டம் அடித்துவிட்டு, பலாலி விமானத்தளப் பக்கம் திரும்பி ஓடியே விட்டது!

நான் மரத்தடியிலிருந்து துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "பாத்தியளோ! நான் சொன்னது இதுதான்! தட்டு!"

"உது பட்டமடா" என்றான் என் வகுப்புத் தோழன் செல்வம்.

"விசரா, பட்டத்துக்கு ஹெலி பயந்து ஓடுமோ?"

சபை என் பக்கம். "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் ஐயா, நெஞ்சை நிமிர்த்தி.

ஹெலியின் இரைச்சல் அடங்கியது. அப்போது மேலே கேட்டது: ஙொய்ய்ங்ங்...

பட்டத்தில் கட்டும் விண் என்ற நார் காற்றில் அதிரும் சத்தம். யாழ்ப்பாணத்தில் அதை அறியாத காது கிடையாது. எனக்கோ, அந்த விண்ணைக் கட்டியவன் யார் என்பதும் தெரிந்துவிட்டது. தேயிலைப்பெட்டி ஈயத்தாள் ஒட்டி மத்தியானம் நான் ஏற்றிய பட்டம்! வாசிகசாலைக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் துலாவில் கட்டிவிட்டு, பேச்சைப் பாடமாக்கும் அவசரத்தில் மறந்தே போனேன்.

காற்றும் என்னைக் கைவிட்டது. பட்டம் தலைகுத்தி, சுழன்று, வாசிகசாலைக் கூரையில் விழுந்தது. அதன் நீண்ட வால் இறங்கி ஐயாவின் மூக்குக்கு முன்னால் ஆடியது. வெள்ளைத்துணி. பச்சைக்கரை.

ஐயா தடவிப் பார்த்தார். "தம்பி, உது என்ரை வேட்டியெல்லே?"

"பழசெண்டு நினைச்சுக் கிழிச்சுப்போட்டன், ஐயா..."

"தட்டுக்காரர் வேட்டியும் கட்டுவினமோ?" என்றான் செல்வம். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் நிலம் பிளக்காதா என்று பார்த்தேன்.

ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "என்னத்துக்குச் சிரிக்கிறியள்? தட்டோ வேட்டியோ, ஹெலி திரும்பினதோ இல்லையோ?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருடைய வேட்டி காணாமற்போனாலும் ஒருவரும் அலுமாரியைத் திறப்பதில்லை. முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.