போர்க்கடலில் ஒரு நைட்டி

மனைவியின் வளைகாப்புக்குப் போகாத கணவர்கள் பல காரணம் சொல்வார்கள். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, உடம்புக்கு முடியவில்லை. ஒரு நைட்டியால் போக முடியாமல் போனவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரிக் காடு. எங்களுக்கும் கடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கூடப் படித்தவர்கள் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டப் போனபோது, நான் மட்டும் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனேன். துருவைச் சுரண்டுவது, சுரண்டிய இடத்தில் பெயிண்ட் அடிப்பது, அடித்த இடம் மறுபடி துருப்பிடிக்கும் வரை கயிறு இழுப்பது. (பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் என்னை 'கேப்டனுக்கு அடுத்து இவருதாங்க' என்று சொல்லிவைத்தார். நானும் மறுக்கவில்லை.)

அந்த முறை எங்கள் கப்பல் போர் நடக்கிற கடல் வழியாகப் போக வேண்டியிருந்தது. வானத்திலிருந்து எது விழும், எந்தப் படகில் எவன் வந்து ஏறுவான் என்று யாருக்கும் தெரியாது. இருட்டினால் டெக்கில் விளக்குக் கூடாது, கேபின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இன்டர்நெட் கட். அந்தக் கடலைத் தாண்டினால் அடுத்த துறைமுகத்தில் எனக்குப் பதிலாகக் கப்பலில் ஏற மாற்றாள் காத்திருந்தான். அங்கே இறங்கி விமானம் பிடித்தால் வளைகாப்புக்கு முதல் நாள் வீட்டில் இருக்கலாம். "வளையல் போடுறப்ப பக்கத்துல இருப்பேன்" என்று சுகன்யாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். தினமும் பேசிப் பழகிய குரல் இல்லாமல் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏக்கம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டெக்கில் ஆள் நிறைய நிற்பதுபோலத் தெரிந்தால் படகில் வருகிறவர்கள் ஏறத் தயங்குவார்களாம். அதனால் பொம்மைகள் செய்து கைப்பிடி ஓரமாக நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எங்களை மேய்க்கிற போசன் தூத்துக்குடிக்காரர். "எலே, பொம்மை கட்டத் தெரிஞ்சவன் எவம்ல?" என்று கேட்டார். என் கை தானாக உயர்ந்தது. சோளக்காட்டில் கிளிக்கும் காட்டுப்பன்றிக்கும் பொம்மை கட்டி வளர்ந்தவன் நான். கப்பலில் எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாப்புக் கம்பு, கிழிந்த கயிறு, எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணி. பழைய வேலை உடுப்புகளை அடைத்துத் தலைக்கு ஹெல்மெட் வைத்ததும் பொம்மைகள் எங்களைவிடச் சுறுசுறுப்பாகத் தெரிந்தன. கப்பலின் பின்பக்கத்துக்கு ஒரு பொம்மை பாக்கி இருக்கும்போது உடுப்பு தீர்ந்துபோனது. "கையில கிடைச்சதை மாட்டி விடுல" என்றார் போசன்.

என் கையில் கிடைத்தது சுகன்யாவின் நைட்டி. ஊதாப்பூ போட்டது. வெங்காய வடகம் சிந்தாமல் இருக்க அதில்தான் மூட்டை கட்டிக் கொடுத்திருந்தாள். வடகம் தீர்ந்த பிறகும் நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன்.)

அதோடு விட்டிருக்கலாம். விதி விடவில்லை. மாப்பு நூலில் பின்னல் போட்டேன். சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைத்தேன். வெளியே வரும்போது அவள் போடுகிற மாதிரியே நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. நான் லேட்டாக வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்பாளே, அதேபோல இடுப்பில் ஒரு கை.

என் காவல் நேரம் பின்பக்கத்தில்தான். முதலில் சும்மா நின்றேன். பிறகு, "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். ஒரு சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் போசன் நிற்கிறார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுல அவ கொண்டைதாம்ல போடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிலிப்பைன்ஸ் சமையல்காரர் டிஷ்யூ பேப்பரில் பூ செய்து பின்னலில் சொருகினார். எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்பக்கம் வர ஆரம்பித்தார்கள். கேப்டன் மட்டும் வரவில்லை. அங்கேதான் வினை பிடித்தது.

அந்த வழியைக் காவல் காத்த போர்க்கப்பல் ஒன்றின் ஹெலிகாப்டர் எங்களைச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் கேள்வி வந்தது.

"உங்கள் கப்பலில் இருக்கும் பெண் யார்?"

"பெண் யாரும் இல்லை" என்றார் கேப்டன். கப்பலில் இருப்பவர்கள் பட்டியலிலும் எல்லாம் ஆண்கள்தான்.

"பின்பக்கம் நிற்கிறாரே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு."

கேப்டன் கேமராவில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நான் சொன்னதைக் கேட்டார். பிறகு ரேடியோவை எடுத்து, "அது பெண் இல்லை, என் ஆளுடைய மனைவியின் உடை" என்று விளக்கினார். விளக்காமலே இருந்திருக்கலாம். மனைவி இல்லாமல் உடை மட்டும் எப்படி வந்தது என்ற சந்தேகம் அவர்களுக்கு முற்றிவிட்டது. யாரோ ஒரு பெண்ணைக் கடத்தி வருகிறோம் என்று நினைத்து, கப்பலை நிறுத்தச் சொல்லி, துப்பாக்கியோடு வந்து ஏறினார்கள். மாவு டப்பா வரைக்கும் திறந்து பார்த்தார்கள். அவர்களின் அதிகாரி சுகன்யாவின் துண்டை விலக்கினார். உள்ளே மாப்புக் கம்பைப் பார்த்தார். பிறகு அவரே துண்டைப் பழையபடி போட்டுவிட்டார்.

அந்தக் கடலைக் கப்பல்கள் கூட்டமாகத்தான் கடக்க வேண்டும்; தேடி முடிப்பதற்குள் எங்களோடு வரவேண்டிய கப்பல்கள் எல்லாம் போய்விட்டன. தனியாகப் போக அனுமதி இல்லை. அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்து கடந்தபோது கம்பெனி எங்களை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டது. என் மாற்றாள் ஒரு கரையில், நான் ஒரு கடலில்.

இன்டர்நெட் திரும்பி வந்தது வளைகாப்பு அன்று காலையில். போனை எடுத்தது சுகன்யாவின் தம்பி. எடுத்தவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, எந்த ஊர்ல எறங்கியிருக்கீங்க?" என்றார் மாமியார்.

பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மா முறை ஒருவர் மட்டும், "எந்த நைட்டியாம்?" என்று விசாரித்தது காதில் விழுந்தது.

"அந்த ஊதாப்பூ போட்டதா? அக்குள்ல கிழிஞ்சிருக்குமே. அதையா அத்தனை ஆம்பளைங்க பாக்க மாட்டி வச்சீங்க?" என்றாள் சுகன்யா. சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று மூக்கை உறிஞ்சினாள். "சரி விடுங்க. அதாச்சும் உங்க பக்கத்துல நின்னுச்சே. எம்பக்கத்துல யாரு நிக்கிறா?"

 

பதில் அவள் தம்பியிடம் இருந்தது. "அக்கா, அழுவாத. மாமாவுக்கு மட்டும்தான் பொம்மை கட்டத் தெரியுமா?" என்றான். என் கல்யாணப் பட்டுச் சட்டையில் தலையணையை அடைத்து, வேட்டி சுற்றி, தலைக்கு ஒரு பூசணிக்காயை வைத்து, கண்மையால் மீசை வரைந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தான். சந்தனம் பூச வந்த பெண்கள் அவள் கன்னத்தில் பூசிவிட்டுப் பூசணிக்கும் பூசினார்கள். போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்கள். என் முகத்துக்கு அதுவே பரவாயில்லை என்பது மாமியார் கருத்து.

மகள் பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். சில மாதத்தில் மறுபடி கப்பல். அடுத்த லீவில் வந்தபோது அவளுக்குப் பேச்சு வந்திருந்தது. பையை வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அம்மாவின் தோளை இறுக்கிக்கொண்டாள்.

"இவருதாண்டி அப்பா. அப்பாகிட்ட போ" என்றாள் சுகன்யா.

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, சுவரில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்த பூசணிக்காயைக் காட்டி, "அப்பா" என்றாள்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. இப்போதும் நான் லீவு முடிந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறும்போது மைத்துனன் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "கவலப்படாம போயிட்டு வாங்க மாமா, இங்க நீங்க இருக்கீங்கல்ல" என்பான். வீட்டில் எல்லாரும் இதற்குத் தவறாமல் சிரிப்பார்கள். சுகன்யா மட்டும் சிரிக்காமல், பஸ் கிளம்பும் வரை இடுப்பில் ஒரு கை வைத்து நிற்பாள்.