ஏரிப் புத்தகத்தின் மேலுறை

மேசை இழுப்பறையில் மேலுறை இல்லாமல் கிடந்த ‘ஏரிகள் வற்றிய வரலாறு’ புத்தகத்தைப் பார்த்ததும் பல் டாக்டர் இழுப்பறை முழுக்கத் துழாவினார்; இன்னொரு புத்தகத்தைக் காணோம். உடனே கணவருக்குப் போன் போட்டார்.

“என்னங்க, முந்தாநாள் ஜட்ஜ் வீட்டுல எந்தப் புத்தகத்தைக் கொடுத்தீங்க?”

“நீ சொன்னதுதான். ஏரிப் படம் போட்டது.”

“உள்ளே திறந்து பார்த்தீங்களா?”

“நான் என்னைக்குப் புத்தகத்தைத் திறந்திருக்கேன்?”

அதுவும் நியாயம்தான். ஏரிப் படம் போட்ட உறைக்குள் இருந்தது ‘கடைசி டிராகனின் முட்டை’, முதல் பாகம். நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யும் பத்து நிமிடத்தில் டாக்டர் படிப்பது அதைத்தான். யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போகக்கூடாதே என்று ஏரிப் புத்தகத்தின் உறையைக் கழற்றி இதற்கு மாட்டியிருந்தார்.

வாசகர் வட்டத்தில் இடம் கிடைக்க அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். இதுதான் அவருடைய முதல் தேர்வு. தேர்ந்தெடுத்தவரின் சொந்தப் பிரதியே ஆளுக்கு ஒரு வாரம் கை மாறும். மாதக் கடைசியில் நூலக மாடியில் கூடிப் பேசுவார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ்; மற்ற இருவர் ஒரு பேராசிரியையும் ஒரு கட்டட இன்ஜினீயரும். முன்பு ஒருவர் பறக்கும் குதிரைக் கதை ஒன்றைச் சொன்னபோது, “இதெல்லாம் பேரப்பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுங்க” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் அப்புறம் வட்டத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. டாக்டருக்குக் கிடைத்தது அவருடைய காலியிடம்தான்.

ஜட்ஜைப் போனில் பிடித்தார். “சார், அந்தப் பிரதியில பக்கமெல்லாம் மாறி அச்சாகியிருக்கு. வேற கொடுத்துடறேன்.”

“அப்படியா? நான் கவனிக்கலையே.” ஜட்ஜ் தொண்டையைச் செருமினார். “படிச்சு முடிச்சு பேராசிரியைகிட்ட கொடுத்துட்டேனே. ரொம்ப ஆழமான புத்தகம்மா.”

அறுநூறு பக்கம், இரண்டே நாளில்! மனுஷர் திறந்தே பார்க்கவில்லை என்று டாக்டருக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் பேராசிரியை அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டார்.

மாலையே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். “மேடம், ஒரு பேஷன்ட்டோட எக்ஸ்ரே அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. புத்தகத்தைக் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா...”

“நானே தேடிப் பார்த்துச் சொல்றேன்.” பேராசிரியை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துக் கண் சிவக்க வெளியே வந்தார். “எக்ஸ்ரே எதுவும் இல்லையே.”

“புத்தகம்?”

“இன்னும் என் வாரம் முடியலையே டாக்டர்.” கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அடுத்த வாரம் புத்தகம் கட்டட இன்ஜினீயரிடம் போனது. கல்யாணமே வேண்டாமென்று ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. டாக்டர் தன் தொழிலையே அடகு வைத்தார். “சார், பொன்னுக்குவீங்கி வந்த பேஷன்ட் அந்தப் புத்தகத்தைத் தொட்டுட்டாரு. உடனே திருப்பிக் கொடுங்க. மருந்து அடிக்கணும்.”

“எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சு. பயமில்லை.” போனை வைத்துவிட்டார்.

வைத்தவர் சும்மா இருந்தாரா? ஜட்ஜுக்கும் பேராசிரியைக்கும் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் டாக்டர் மாடியேறிப் போனால், மூவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, தாடையைத் தடவிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நூலக உதவியாளர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்து, எல்லோரையும் ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கீழே போனார். டாக்டருக்கு மேசைக்கடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“தண்ணி வத்தின இடத்துல நெருப்புதான் ஆளும்” என்று ஜட்ஜ் ஆரம்பித்தார்.

“ஆமாம். அடுத்த தலைமுறைக்கு என்ன மிச்சம் வெக்கிறோம்ங்கறதுதான் கேள்வி” என்றார் பேராசிரியை. இன்ஜினீயர் பெருமூச்சு விட்டார்.

“உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தை வாசிச்சுக் காட்டுங்க டாக்டர்.” ஜட்ஜ் புத்தகத்தை நீட்டினார்.

டாக்டர் திறந்தார். டிராகன் முட்டையின் மேல் படுத்து அழும் பக்கம். சத்தியமாக அவருக்குப் பிடித்த பக்கம் அதுதான். வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டார். ஒரு கதைப் புத்தகத்துக்காக இத்தனை பெரியவர்களிடம் எத்தனை பொய்! நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

“மன்னிச்சிடுங்க.” உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “உள்ளே இருக்கறது ஏரி இல்ல. டிராகன் கதை. என்னோடதுதான். அச்சுப்பிழை, எக்ஸ்ரே, பொன்னுக்குவீங்கி எல்லாமே பொய். நான் இனிமே வரலை.”

ஜட்ஜ் மின்விசிறியைப் பார்த்தார். பேராசிரியை தரையைப் பார்த்தார். இன்ஜினீயர் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டார். டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நூலக உதவியாளர் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம்.

“நல்லவேளை, எல்லாரும் இங்கேயே இருக்கீங்க. அந்த டிராகன் முட்டை ரெண்டாம் பாகம் ஒரே ஒரு பிரதிதான் வந்திருக்கு. நீங்க மூணு பேரும் தனித்தனியா வந்து, பேரனுக்கு வேணும்னு எழுதி வெச்சிட்டுப் போனீங்க. இப்ப யாரோட பேரனுக்கு மொதல்ல கொடுக்கட்டும்?”